எத்தனை பேர் வந்தாலும்

ரொமால்டின் சக்கர நாற்காலி கவிழ்ந்தபோது அவனுடைய அம்மா பிலோமினா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முதுகு அவன் பக்கம் இருந்தது. முற்றத்தில் சிமெண்டு பெயர்ந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, நாற்காலி மெல்லச் சாய்ந்து, அவன் தோள் அடியில் மாட்டிக்கொண்டது. அவன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். பிலோமினா ஒரு மாதா பாட்டை முணுமுணுத்தபடி அடுத்த இறாலை எடுத்தாள்.

தெருமுனையில் வந்துகொண்டிருந்த இமெல்டாவுக்குத்தான் அது கேட்டது. பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். தம்பியின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கும்போதுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள். மடியிலிருந்த சட்டி உருண்டது.

"எய்யா! எய்யா, எப்பம்யா விழுந்த? பக்கத்துலதான இருக்கேன். ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா ராசா?"

ரொமால்டு அம்மாவின் முகத்தையே பார்த்தான். அவன் வாய் இன்னும் திறந்திருந்தது.

"கத்திக்கிட்டுத்தாம்மா இருந்தான். தெருவுக்கே கேட்டுது" என்றாள் இமெல்டா. சொன்ன பிறகுதான் அது சரியில்லை என்று பட்டது. தெருவுக்குக் கேட்கவில்லை. தெருவில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் கேட்டது.

கடற்கரை மாவட்டங்களைச் செவிக்காய்ச்சல் சுழற்றியடித்து ஆறேழு வருடங்கள் ஆகியிருந்தன. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. போகும்போது கேட்கும் திறனையும் கொண்டுபோனது. அப்போது இமெல்டா மிராந்தா ஜெர்மனியில் ஒரு சிறிய குழுவுக்கு இசை எழுதிக்கொண்டிருந்தாள். அதனால் தப்பினாள். ஊர் திரும்பியபோது தூத்துக்குடியில் எல்லார் காதுக்குப் பின்னாலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி ஒட்டியிருந்தது. ஊர் அதற்குப் பொத்தான் என்றே பேர் வைத்தது. இமெல்டாவைப்போலக் கருவி இல்லாமல் கேட்கிற சிலருக்கு வெறுங்காதுக்காரர்கள் என்று பேர்.

பொத்தானைக் குறை சொல்ல முடியாது. ஊரே மறுபடி பேசியது, பூசையில் பாடியது, லாரி ஹாரனுக்கு ஒதுங்கியது. ஆனால் அது எல்லாச் சத்தத்தையும் உள்ளே விடாது. பேச்சு, எச்சரிக்கை, இசை என்று மூன்று கதவுகள். மூன்றிலும் சேராததைக் குப்பை என்று கழித்துவிடும்.

ரொமால்டு குப்பையில் சேர்ந்தான். பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்தவன். கைகால் வசப்படவில்லை, வார்த்தையும் வரவில்லை. சத்தங்கள் இருந்தன. பசிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, கிண்டலுக்கு என்றே இழுத்து இழுத்து ஒன்று. முப்பது வருடத்துக்கு மேலாகப் பிலோமினா அவற்றோடு பேசி, சிரித்து, சண்டை போட்டு வாழ்ந்தவள். காய்ச்சலுக்குப் பிறகு மகன் ஊமையாகிவிட்டான் என்று நினைத்தாள். அப்படியில்லை என்று இமெல்டா எடுத்துச் சொன்னதும் நம்பினாள். நம்பி என்ன செய்ய? அவன் வாய் அசைவதைப் பார்த்து ஊகிக்கத்தான் முடிந்தது. ஊகம் பாதி நேரம் தப்பியது. ரொமால்டு கத்துவதைக் குறைத்துக்கொண்டே வந்தான்.

அன்று தோளில் ஒத்தடம் கொடுக்கும்போது இமெல்டா முடிவு செய்தாள். இதை இப்படியே விடப்போவதில்லை.

*

பொத்தான் நிலையத்தில் ஹமீதா என்ற பொறியாளர் இருந்தாள். காயல்பட்டினத்துக்காரி. அவளும் பொத்தான் போட்டவள்தான். ரொமால்டின் குரலைப் பதிவுசெய்து இமெல்டா கொண்டுபோயிருந்தாள். ஹமீதா அதைத் தன் கணினியில் ஓடவிட்டு, திரையில் அலைகள் எழுந்து விழுவதைப் பார்த்தாள். அவளுக்கும் எதுவும் கேட்கவில்லை.

"இவனுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட முடியாதா?" என்று இமெல்டா கேட்டாள்.

"நீங்க போன தடவை வந்தப்பவே மேல கேட்டேன் அக்கா. பேச்சுக் கதவுக்கு வார்த்தை வேணும்ங்கிறாங்க. ஆ, ஊன்னு வர்றதை உள்ள விட்டா மோட்டார் சத்தமும் சேர்ந்து வந்துருமாம். ஆரம்பத்துல எல்லாத்தையும் விட்டுத்தான் பார்த்தோம். எங்க உம்மா தலைவலி தாங்காம பொத்தானைப் பிய்ச்சுக் கிணத்துல போட்டுட்டாங்க."

"சரி. இசைக் கதவு எதைக் கேக்கும்?"

ஹமீதா விரல் மடக்கினாள். "தாளம் இருக்கான்னு பாக்கும். இல்லேன்னா தெரிஞ்ச சுரவரிசை இருக்கான்னு பாக்கும். ரெண்டும் இல்லேன்னா..." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு விதி கடைசியாச் சேர்த்தது. ஊர்வலத்துல ஒருத்தர் மேளத்துல கூப்பிட்டு அடிக்க, மத்தவங்க பதில் அடிப்பாங்கல்ல? அதை வெட்டிருச்சுன்னு ரொம்பப் புகார். அதனால, ஒரு சத்தத்துக்கு வேற வேற ஆளுங்க திரும்பத் திரும்ப பதில் கொடுத்துக்கிட்டே இருந்தா, அது எந்தச் சத்தமா இருந்தாலும் இசைன்னு எடுத்துக்கும். உள்ள விட்டுரும்."

"எந்தச் சத்தமா இருந்தாலுமா?"

"ஆமா. ஆனா பதில் நிஜமா அந்தச் சத்தத்துக்குக் கொடுத்ததா இருக்கணும். தற்செயலா வந்து விழுந்தா அதுக்குத் தெரிஞ்சிரும்."

இமெல்டா எழுந்துவிட்டாள். ஹமீதா அவளை நிறுத்தி, இழுப்பறையிலிருந்து சோதனைப் பொத்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை ஹெட்போனோடு இணைத்தால் ஊர் எதைக் கேட்கிறதோ அதைத்தான் கேட்கலாம்.

"நான் கொடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

*

இமெல்டாவின் இசை இந்த ஊரில் எடுபடவில்லை என்று சொல்வது பாதிதான் சரி. அது கேட்கவே இல்லை. திரும்பி வந்த புதிதில், தன் படைப்பு ஒன்றின் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். குழாய்க்குள் ஊதும் மூச்சு, வில்லின் பின்பக்கத்தால் உரசும் கம்பி, பியானோவின் உடம்பைத் தட்டும் கை என்று அது போகும். பிலோமினா கைகட்டி மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். முடியும் தறுவாயில் கேட்டாள்: "இன்னும் போடலையாட்டி?"

இப்போது இமெல்டாவுக்கு வேறு மாதிரி ஒரு படைப்பு தேவைப்பட்டது. கப்பலுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஷிப்ட் பார்க்கிற ஊரில், இன்று வருகிறவர் நாளை வரமாட்டார். யார் வந்தாலும், எதைக் கொண்டுவந்தாலும் நிற்கிற இசையாக இருக்க வேண்டும். முற்றத்துச் சுவரோரம் பெஞ்சு போட்டு அவள் எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். மேற்கத்திய இசைத்தாளின் ஐந்து கோட்டில் ஒரு சுரமும் எழுதவில்லை. கடைசியில் மிஞ்சியவை சில வாக்கியங்கள்தாம்.

அவள் அழைத்ததும் முதலில் வந்தவர் கஸ்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கோவில் பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். அவர் கேட்டார்: "எத்தனை பேரு வேணும் அக்கா?"

"எத்தனை பேர் வந்தாலும் சரி."

"என்னென்ன வாத்தியம்?"

"கையில இருக்கிறது."

"பாட்டு?"

"ரொமால்டுதான் பாட்டு."

கஸ்பார் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார். "இவரு சத்தம் எங்களுக்குக் கேக்காதே. கேக்காத ஆளுக்கு எப்படிப் பதில் ஊதுறது?"

"கண்ணால கேளுங்க. அவன் குரல் குடுக்குறதுக்கு முந்தி இடது தோள் மேல ஏறும். எப்பவும் ஏறும். தோள் ஏறுச்சுன்னா நீங்களும் மூச்சை இழுங்க. அது இறங்கி முடிஞ்சதும் உங்க சத்தம். உங்க ஒரு மூச்சுக்கு மேல போகக் கூடாது. இன்னொருத்தருக்குப் பதில் சொல்லத் தோணுச்சுன்னா சொல்லலாம். யாரும் பதில் சொல்லாம நீங்களா ரெண்டாவது தடவை பேசக் கூடாது. அவ்வளவுதான்."

வயலின் ஆசிரியை பாகீரதி வந்தாள். உப்பளத்தில் லாரி ஓட்டும் ஒருவர் மோர்சிங் கொண்டுவந்தார். ஒரு நர்ஸ் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களோடு வந்தாள். சில நாள் மூன்று பேர், சில நாள் முற்றம் கொள்ளாத கூட்டம்.

இமெல்டா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் நின்றாள். டிரம்பெட் கேட்டது. வயலின் கேட்டது. கிண்ணத்தின் நீண்ட அதிர்வு கேட்டது. ரொமால்டின் கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து, உடம்பே அதிர்ந்தது. அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள்; அவன் குரல் முற்றத்தை நிறைத்துக்கொண்டிருந்தது. மாட்டினாள், இல்லை. அம்மா இத்தனை வருடம் எங்கே இருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போனது. வாசிப்பவர்கள் எல்லாரும் தேர்ந்தவர்கள். அதுதான் இடைஞ்சல். கொஞ்ச நேரம் போனதும் கஸ்பாரின் கால் தரையைத் தட்டத் தொடங்கும். அந்தத் தட்டலில் மோர்சிங் வந்து உட்காரும். பாகீரதியின் வில் தெரிந்த ராகம் ஒன்றின் ஓரத்தில் போய் நிற்கும். பொத்தானுக்கு அது போதும். தாளம் இருக்கிறது, சுரவரிசை இருக்கிறது, இசை இதுதான் என்று அவர்களைப் பிடித்துக்கொண்டு ரொமால்டை வெளியே தள்ளிவிடும்.

"கஸ்பாரு, காலை நிறுத்துங்க."

"கால் இல்லாம எனக்கு ஊத வராதே அக்கா."

"தாளம் வந்தா அவன் வெளிய போயிருதான்."

கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அப்படித்தான் வாசித்தார். பாகீரதிக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

"சின்ன வயசுலேர்ந்து கத்துக்கிட்டதை மறக்கச் சொல்றீங்க."

"மறக்க வேண்டாம் டீச்சர். கொஞ்ச நேரம் ஓரமா வைங்க."

பாகீரதி வயலினை மடியில் வைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தாள். "சரி, நான் ஒண்ணு கேட்கட்டுமா? ஒரு மனுஷனை வாத்தியமாக்கி நடுவுல வச்சிருக்கீங்க. இதுல அவருக்குச் சம்மதமான்னு கேட்டீங்களா?"

இமெல்டாவுக்கு முகம் சுட்டது. அவள் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை தம்பியைக் குளிப்பாட்டும்போது கேட்டாள். "ரொமால்டு, இது உனக்குப் பிடிச்சிருக்கா? கஷ்டமா இருந்தா நிறுத்திருவோம்." கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், முகத்தைத் திருப்பினால் இல்லை. அவன் இரண்டும் செய்யவில்லை. இடது தோளை மட்டும் மெல்ல உயர்த்தினான். இமெல்டா தன்னையறியாமல் மூச்சை இழுத்தாள். குரல் வரவில்லை. அவள் மூச்சைப் பிடித்தபடி காத்திருப்பதைப் பார்த்து ரொமால்டு விழுந்து விழுந்து சிரித்தான். சோப்புநீர் அவள் முகமெல்லாம் தெறித்தது.

அன்று மாலைப் பயிற்சியில் அதையே எல்லாரிடமும் செய்தான். தோளைத் தூக்குவான், பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சை இழுப்பார்கள், அவன் சும்மா இருப்பான். அவர்கள் ஏமாந்து மூச்சை விடும்போது குரலை எடுப்பான். யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. பாகீரதி அதன் பிறகு அவனை மட்டுமே பார்த்து வாசித்தாள். வில் பழைய ராகத்தின் பாதையில் போகவில்லை.

*

மாதா கோவிலுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நிகழ்ச்சி நடந்தது. பிலோமினா முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஹமீதா கடைசி வரிசையில் யாரோ மாதிரி இருந்தாள்.

வெகுநேரத்துக்கு அங்கே கேட்டதெல்லாம் சிதறல்தான். ஒரு டிரம்பெட் மூச்சு. வெற்றிடம். ஒரு வயலின் உரசல், கிண்ணம். மறுபடி வெற்றிடம். சிலர் நெளிந்தார்கள். சிலர் எழுந்து போனார்கள். இமெல்டா சுவரோரம் ஹெட்போனோடு நின்றாள். ரொமால்டுக்கு வியர்த்து ஊற்றியது. நிறுத்திவிடலாமா என்று அவனைக் கண்ணால் கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மறுபடி ஏறியது.

கஸ்பார்தான் முதலில் தடுமாறினார். பதில் ஊதவேண்டிய நேரத்தில் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு வாய்பிளந்து பார்த்தார். வெற்றிடம் இருந்த இடத்தில் ஒரு குரல் இருந்தது. கரகரத்து, நடுவில் உடைந்து, மேலே ஏறி நின்றது. நர்ஸின் கையிலிருந்த கிண்ணம் நழுவி விழுந்தது; அதுவும் ஒரு பதிலாயிற்று. மோர்சிங்காரர் அழுதுகொண்டே வாசித்தார்.

பிலோமினா எழுந்து நின்றாள். மேடையில் இருந்தவர்களையோ பின்னால் இருந்தவர்களையோ அவள் பொருட்படுத்தவில்லை.

"இமெல்டா, இவன் குரலு எப்பம்ட்டி இவ்வளவு கட்டையாச்சு?"

இமெல்டா அதைக் கவனித்ததே இல்லை. தினமும் கேட்பவளுக்குத் தெரியாது. காய்ச்சலுக்கு முந்திய இளைஞனின் குரலை நெஞ்சில் வைத்திருந்தவளுக்குத்தான் நடுவயதுக்காரனின் குரல் புதிதாக இருந்தது.

படைப்பு முடிந்தது. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. ரொமால்டு சந்தோஷத்தில் கத்தினான். கைதட்டல் அடங்கியது. பிலோமினா அவனருகில் ஓடிப்போய்க் கன்னத்தைப் பிடித்து, அவன் வாயையே பார்த்தாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நின்னுபோச்சு. வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. இன்னும் ஒருக்கா வாசிக்கச் சொல்லுட்டி."

ஹமீதா வெளியே வேப்பமரத்தடியில் வைத்து விளக்கினாள். "அவரு குரலை வாத்தியம்னு பதிஞ்சிருக்கு அக்கா. வாத்தியத்துக்குத் துணையா இன்னொரு வாத்தியம் வேணும். யாராவது வாசிச்சுக்கிட்டிருந்தா அவரு குரல் கேக்கும். நிறுத்தினா கதவு மூடிரும்."

"வாசிச்சுக்கிட்டே இருந்தா?"

"இருந்தா கேக்கும். ஆனா எத்தனை நாளைக்கு அக்கா?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் இமெல்டா.

*

வீட்டில் இசை நிற்கவே இல்லை. காலையில் நர்ஸ் வேலைக்குப் போகும் வழியில் வந்து கிண்ணம் தட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் மோர்சிங்காரர். மாலையில் கஸ்பார். யாரும் இல்லாத நேரத்தில் பிலோமினா ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாக மகனுக்கெதிரே உட்கார்ந்து தட்டினாள். தாளமாகிவிடாமல், அவன் தோளைப் பார்த்து, அவன் முடித்த பிறகு. எப்படியோ பழகிக்கொண்டாள்.

"பசிக்கா ராசா?" டங். அவன் குரல். டங். "இல்லையா? பொறவு என்ன? முதுகு அரிக்கா?"

சோறு ஊட்ட வேண்டுமென்றால் இடது கையால் ஊட்டினாள், வலது கை தட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வீங்கியது. தைலம் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு தட்டினாள். கஸ்பாரின் உதடு வெடித்தது. ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து வாசித்த ஒருவர் கிண்ணத்தின்மேலேயே தலைசாய்ந்து தூங்கிப்போனார்.

இமெல்டா விடவில்லை. யார் எப்போது வருவது என்று முறை வைத்தாள். ஆள் குறையும் நேரங்களுக்காகப் புதிய விதிகள் எழுதினாள். ஊரின் மற்ற தெருக்களிலிருந்தும் ஆள் சேர்த்தாள். தொண்டையில் அறுவைசிகிச்சை நடந்து, விசில் மாதிரி மட்டும் சத்தம் வரும் கணவரை அழைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவரும் கூட்டத்தில் சேர்ந்தார். அந்தப் பெண் அவர் குரலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது, வழியில் ஒரு சங்கிலியைக் குலுக்கிக்கொண்டே போனாள்.

ஒருநாள் பாகீரதி வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள். "இப்படியே எதுவரைக்கும்?"

"தேவைப்படுற வரைக்கும்."

"யாருக்குத் தேவைப்படுற வரைக்கும்?"

இமெல்டா அடுத்த வாரத்துக்கான முறையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரொமால்டிடமும் மாற்றம் வந்திருந்தது. அம்மாவும் அவனும் அடிக்கடி முட்டிக்கொண்டார்கள். டம்ளரைத் தட்டிக்கொண்டே பிலோமினா திட்டுவாள். அவன் திரும்பக் கத்துவான். அவள் அவன் முடிப்பதற்குள் அடுத்ததைச் சொல்வாள். "அவன் முடிக்கட்டும்மா, பதில் பிந்தி வரணும்" என்று இமெல்டா திருத்துவாள். "நீ சும்மா கெட. இது எனக்கும் அவனுக்கும் உள்ளது" என்பாள் அம்மா.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடையில் வயலின் கம்பி வாங்கிக்கொண்டு இமெல்டா திரும்பினாள். வாசற்படிக்கு வருவதற்கு முன்பே அம்மாவின் குரல் தெருவில் கேட்டது.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு! அதுக்கு டம்ளரத் தட்டிவிடணுமா? வாங்கின காசு..."

ரொமால்டின் குரல் குறுக்கே வெட்டியது.

"என்னைய சொல்லாத! நானா கூட்டிட்டு வந்தேன் அவங்கள?"

மறுபடி வெட்டினான். நீளமாக, மேலே ஏற்றி.

"சரி, கத்தாத. கத்தாத! காது இருக்கு எனக்கு!"

இமெல்டா உள்ளே வந்தாள். பிலோமினா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். டம்ளர் முற்றத்து மூலையில் நசுங்கிக் கிடந்தது. கரண்டி கிணற்றடியில் கிடந்தது. யாரும் எதையும் வாசிக்கவில்லை. தெருவில்கூட ஒரு பாட்டு இல்லை.

அம்மாவிடம் எதையும் கேட்காமல் அவள் பின்வாசலுக்குப் போய் ஹமீதாவுக்குப் போன் செய்தாள்.

"ஹமீதா, நீங்க ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்லையே அக்கா. ஏன்?" கொஞ்ச நேரம் விசை தட்டும் ஓசை. பிறகு ஹமீதாவின் குரல் மாறியிருந்தது. "அக்கா... பேச்சுன்னு பதிஞ்சிருக்கு. இன்னைக்குக் காலையிலேர்ந்து. அவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாங்களா?"

"போட்டுக்கிட்டே இருக்காங்க."

"அதான். இசையில ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருப்பாங்க. நீங்க அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவங்க காத்திருக்கவே இல்ல. ஒருத்தரை ஒருத்தர் வெட்டி வெட்டிப் போயிருக்காங்க. அப்படி வெட்டினா அது பேச்சுன்னு அதுவே கத்துக்கிட்டிருக்கு. இனி ஊர்ல எல்லாப் பொத்தானும் அவரு குரலைப் பேச்சாத்தான் எடுத்துக்கும். நாங்க யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கல." அவள் மூச்சு வாங்கினாள். "மத்த குடும்பங்களுக்கும் சொல்லுங்க அக்கா. சண்டை போடச் சொல்லுங்க."

இமெல்டா சிரிக்கத்தான் நினைத்தாள். வந்தது வேறு. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"என்னம்மா சண்டை?"

"நீயே கேளு." பிலோமினா மகன் பக்கம் தாடையைக் காட்டினாள். "இன்னைக்கு ஒருத்தரும் வரக்கூடாதாம். தெனம் தெனம் அவனைச் சுத்தி உட்கார்ந்து தோளையே பாக்காங்களாம். ஞாயித்துக்கிழமையாவது மனுசனைச் சும்மா விடணுமாம். நான் அப்படியெல்லாம் முடியாது, அக்கா வருத்தப்படுவான்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கூத்து."

"அவ்வளவும் சொன்னானா?"

"பொறவு? நானா கட்டிச் சொல்லுதேன்?"

ரொமால்டு அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ. இத்தனை நாளும் அவள் அவன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மேலே உயர்த்தினான்: ஆம், சொன்னேன்.

வெளியே சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மோட்டார் பைக். கஸ்பார் டிரம்பெட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பின்னால் பாகீரதி, மோர்சிங்காரர், புதிதாக இரண்டு பேர். இமெல்டா வாங்கிவந்த கம்பியைப் பாகீரதியிடம் கொடுத்தாள். வாசலை விட்டு விலகவில்லை.

"என்ன அக்கா, உள்ள விடமாட்டீங்களா?" என்றார் கஸ்பார்.

"இன்னைக்கு வாசிப்பு இல்ல கஸ்பாரு. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

"ஏன், என்ன ஆச்சு? நம்ம ரொமால்டுக்கு ஏதும்..."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த, எரிச்சலான, நீண்ட குரல். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பழக்கத்தில் மூச்சை இழுத்தார்கள். பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் கையிலும் வாத்தியம் இல்லை.

"வேண்டாமாம்" என்றாள் இமெல்டா. "அவன் சொல்லிட்டான்."